வேலிக்காரர்

அய்யா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். செத்த பிறகு தன்னைக் கருவை விறகில் வைத்து எரிக்கக் கூடாது.

நிலத்தை யார் பார்ப்பது, திதியை யார் கொடுப்பது என்றெல்லாம் அவர் பேசவே இல்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்து முடித்து, சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "வேற எந்தக் கட்டையின்னாலும் சரி. எதுவுமே சிக்கலையா, வறட்டிய அடுக்கி, வைக்கோலப் போட்டு மூடி எரிங்க. அது மட்டும் வேணாம் தாயி." நானும் "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு என்ன, சொல்லிவிடும். ராமநாதபுரத்துச் சீமையில், அதுவும் நயினார்கோவில் பக்கத்தில், அந்த மரத்தின் தயவில்லாமல் ஒரு மனுசனைச் சுடுகாட்டுக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் அதைச் சீமைக்கருவேலம் என்பார்கள். எங்கள் பக்கம் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ரோட்டுக்கு இரண்டு புறமும் ஒரே பச்சையாகத் தெரியும். "வறண்ட ஜில்லான்னு சொன்னாங்க, நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு அம்மாள் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொன்னாள். அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாமா என்று இருந்தது. எங்கள் ஊரில் அதற்கு வேலிக்கருவை என்று பெயர். வேலிக்கென்று வந்தது. அதை ஊருக்குள் கொண்டுவந்தவர் என்னைப் பெற்ற அய்யா.

அய்யாவுக்குத் தான் பிறந்த வருஷம் தெரியாது. "பர்மா அரிசி வாரது நின்னுபோச்சுல்ல, அப்ப நான் மாடு மேய்க்கிற பய" என்பார். அதை வைத்து நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். யுத்தத்தில் கப்பல் நின்று, ஊர் பனங்கிழங்கையும் குதிரைவாலிக் கஞ்சியையும் வைத்துக் காலத்தை ஓட்டியிருக்கிறது. பிறகு வெள்ளைக்காரன் போனான். சாவடியில் கொடி ஏற்றி ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். மிட்டாய் தின்ற மறுநாளும் அதே குதிரைவாலிக் கஞ்சிதான் என்று சொல்லிச் சிரிப்பார். அப்புறம் ஜமீன் போனது. அதற்குப் பின்னாலேயே மழையும் போனது.

கண்மாய் சேர்ந்தாற்போல் சில வருஷம் காய்ந்து கிடந்தது. மானாவாரியும் பொய்த்தது. ஊரைச் சுற்றிக் குடை மாதிரி நின்ற உடைமரங்களை வெட்டி விற்றும் எரித்தும் தீர்த்தார்கள். சோறு பொங்க அரிசி இருந்த வீட்டில்கூட அடுப்பில் வைக்கக் குச்சி இல்லை. எங்கள் அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் விறகுக்காக விடியும் முன்னே கிளம்பி, உச்சிப்பொழுதுக்குத்தான் திரும்பி வருவாளாம். அந்த நேரத்தில்தான் ஒரு ஜீப் வந்தது.

ஜீப்பில் வந்த ஆபீசர் ஒரு சாக்கு காய்ந்த கருவை நெற்றை இறக்கினார். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், இலையை ஆடு மாடு தொடாது, வேலிக்கு வேலி, அடுப்புக்கு விறகு என்று சொன்னார். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த வாலிபர் எங்கள் அய்யா ஒருவர்தான். சாக்கு அவர் தோளில் ஏறியது.

முதலில் தூவிய விதை முளைக்கவே இல்லை. விதைத்தோல் அவ்வளவு கெட்டி. ஊர் சிரித்தது. அய்யாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆடு தின்று போட்ட புழுக்கையில் மட்டும் ஒன்றிரண்டு முளை விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். மிச்ச நெற்றையெல்லாம் கிடை ஆடுகளுக்குப் போட்டு, விடியற்காலையில் புழுக்கையைக் கூட்டி அள்ளி, வரப்போரம் கீறிவிட்டு அதில் போட்டார். ஒரே மழையில் வரிசை கட்டி முளைத்தது. அதன் பிறகு ஊரே அவர் வீட்டு வாசலில் கூடையோடு நின்றது. அய்யாவின் தங்கச்சிக்கு, எங்கள் அத்தைக்கு, சாயல்குடிக்கு அங்கிட்டு ஒரு ஊரில் கல்யாணம் ஆனபோது, குத்துவிளக்கு, அண்டா, வெண்கலப் பானையோடு ஒரு கோணி ஆட்டுப்புழுக்கையும் சீர்வரிசையில் போனது. சம்பந்தி வீட்டில் அதைத் தாம்பாளத்தில் வைக்காத குறையாக இறக்கி வைத்தார்களாம். உலகத்தில் எந்தச் சாதி சனமும் செய்யாத சீர் அது.

முதன்முதலாக வெட்டிய நாள் நல்ல மழையாம். அம்மா நம்பிக்கையில்லாமல் பச்சைக் கொம்பை ஒடித்து அடுப்பில் வைத்திருக்கிறாள். அது புகையாமல் திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. அய்யா நனைந்துகொண்டே தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார், "பச்சையிலயும் எரியும்யா! பச்சையிலயும் எரியும்!" என்று. அந்தச் சொல் ஊரில் சொலவடை மாதிரியே ஆகிவிட்டது. சுறுசுறுப்பான பிள்ளையைப் பார்த்து, "இது பச்சையிலயும் எரியும்" என்று மெச்சுவார்கள். என்னையும் அப்படி மெச்சியிருக்கிறார்கள்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல் எங்கள் ஊர்ப்பக்கமும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போனது. நான் அப்போது சின்னப்பிள்ளை. பனைகள் தலை அறுந்து விழுந்தன, கூரைகள் பறந்தன. கருவை வேலிக்குள் அடைத்த ஆடு மாடுகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. முள்ளும் முள்ளும் பின்னிக்கொண்டு வேலி அப்படியே நின்றது. அன்றையிலிருந்து அய்யாவுக்கு வேலிக்காரர் என்று பட்டம் நிலைத்தது. கோயில் கூட்டத்தில் அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். நான் வேலிக்காரர் மகள். அந்தப் பெயரோடு நான் நிமிர்ந்து நடந்த காலம் ஒன்று இருந்தது என்பதை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

கெடுதல் ஒரே நாளில் வரவில்லை. வரப்பில் நின்றது வயலுக்குள் ஒரு எட்டு வைத்தது. அந்த வருஷம் மழை இல்லை, வயல் சும்மாதானே கிடக்கிறது என்று விட்டார்கள். அடுத்த வருஷம் கண்மாய்க்குள் இறங்கியது. வரத்துக்காலில் நெருக்கி நின்று, வருகிற கொஞ்ச நஞ்சத் தண்ணீரையும் மறித்தது. காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட அது உறிஞ்சிவிடும் என்று டிவியில் ஒருத்தர் சொன்னார். அதெல்லாம் மெய்யா பொய்யா எனக்குத் தெரியாது. வயல் இருந்த இடம் காடானது எனக்குத் தெரியும். மேய்ச்சல் போய் மாடுகள் போனதும், மாடு போய் உழவு போனதும் தெரியும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போனதும் தெரியும். போகாதவர்கள் அந்த மரத்தையே வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுட்டார்கள். பயிரைத் தின்றது எதுவோ அதுவே சோறும் போட்டது. அதனால் வாயைத் திறந்து திட்டவும் முடியவில்லை.

திட்ட முடியாததையெல்லாம் அய்யா மேல் இறக்கினார்கள். ஜீப்பில் வந்தவர் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. அவர் மாற்றலாகிப் போய், பென்ஷன் வாங்கி, போயும் சேர்ந்திருப்பார். அய்யா மட்டும் ஊரிலேயே இருந்தார். "வேலியே பயிர மேஞ்ச கதைன்னு கேட்டிருக்கோம், எங்க ஊருல கண்ணாலயே பாத்துட்டோம்" என்று டீக்கடையில் அவர் காதுபடப் பேசுவார்கள். அத்தை வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். அவர்கள் கொல்லையும் முள்ளாகிவிட்டது. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "எல்லா அண்ணனும் குடுத்த சீரு தேஞ்சுபோகும். எங்கண்ணன் குடுத்த சீரு மட்டும் பெருகிக்கிட்டே இருக்கு" என்பாள். எல்லோரும் சிரிப்போம். அய்யாவும் சிரிப்பார். சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? பள்ளிக்கூடத்துச் சத்துணவில் வேலை பார்த்தேன். கேஸ் வரும் வரைக்கும் அத்தனை வருஷமும் அத்தனை பிள்ளைகளுக்கும் நான் சோறு பொங்கியது கருவை விறகில்தான். அக்கரையில் சண்டை மூண்டு ஜனங்கள் படகில் வந்து இறங்கியபோது, மண்டபம் முகாமுக்கு அய்யா ஒரு லாரி விறகு அனுப்பினார். அரிசி அனுப்ப அவரிடம் வயல் இல்லை. அவர் செய்த புண்ணியத்திலும் அந்த மரமே இருந்தது.

அம்மாவின் காலில் முள் குத்தியது ஒரு தை மாதம். கருவை முள் ஆழமாக இறங்கி உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். அவளுக்குச் சர்க்கரை இருந்தது. மஞ்சளை வைத்துக் கட்டினாள், பிறகு கம்பவுண்டரிடம் ஊசி போட்டாள், பிறகு ராமநாதபுரம், பிறகு மதுரை. கட்டைவிரலை எடுத்தார்கள், பாதத்தை எடுத்தார்கள், முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கு மேல் எடுக்க விடாமல் அவளே போய்விட்டாள். சுடுகாட்டிலிருந்து வந்த அய்யா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு சுவரில் சாய்ந்து நின்றார். "குத்துனதும் அதுதான், எரிச்சதும் அதுதான்" என்றார்.

கோர்ட்டு உத்தரவு என்று ஒரு காலம் வந்தது. எல்லா ஊரிலும் கருவையைப் பிடுங்க வேண்டும் என்றார்கள். ஜேசிபி கண்மாய்க்குள் இறங்கியது. அய்யா கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்தார். தூர் பாதி மண்ணுக்குள்ளேயே நின்றது. ஒரு மழைக்கு ஒவ்வொரு தூரிலும் கொத்துக் கொத்தாக வெடித்து, முன்னைவிட நெருக்கமாக வந்தது.

என் வீட்டுக்காரர் காலமாகி, எனக்கும் வேலை ஓய்வாகி, அய்யாவோடு வந்து தங்கியது அதற்குப் பிறகுதான். ஒரே தம்பி, அவன் திருப்பூரில் இருந்தான். அய்யா தினமும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குக் கீழே இருக்கிற எங்கள் துண்டு வயலுக்குப் போவார். தூரைச் சுற்றித் தோண்டி, வேரை அறுத்து, அறுத்த வாயில் மண்ணெண்ணெய் ஊற்றுவார். "இந்த வயசுல எதுக்குங்கய்யா?" என்றால் அடுத்த தூருக்கு நகர்ந்துவிடுவார். ஆள் வைத்தும் வெட்டினோம், அவரும் வெட்டினார். வயல் ஒருவழியாக வெறும் மண்ணாகத் தெரிந்தது. ஒரு போகம் விதைத்தோம். கடைசி மழை ஏமாற்றியதில் பாதி பதராகப் போனது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "வைக்கோல் இருக்குல்ல" என்றார்.

அப்போதுதான் என்னிடம் அதைக் கேட்டார். புதைத்துவிடலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். "புதைச்சா வேரு தேடிக்கிட்டு வந்துரும் தாயி" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் கண்ணில் பயம் இருந்தது. சாவுக்குப் பயப்படாத மனுசன் ஒரு மரத்தின் வேருக்குப் பயந்தார்.

நயினார்கோவிலில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு பசு இருந்தது. அங்கே சொல்லி வைத்து வறட்டி வாங்கினேன். எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டம் மாடில்லாமல் வெகுகாலமாகச் சும்மா கிடந்தது. வறட்டியை அதில் அடுக்கினோம். பக்கத்தில் வைக்கோலைப் போராகக் குவித்து வைத்தோம். அய்யா போகும்போதும் வரும்போதும் அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். கல்யாணத்துக்குச் சாமான் சேர்த்து வைத்த தகப்பன் மாதிரி அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. நானும் நிம்மதியாக இருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடுவேன் என்று நிஜமாகவே நம்பினேன்.

அவர் படுக்கையில் விழுந்தது ஐப்பசிக் கடைசியில். தம்பி லீவு போட்டு வந்தான். கார்த்திகை பிறந்ததும் மழை பிடித்தது. எங்கள் சீமையில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுக்க அய்யா எந்த மழைக்கு அண்ணாந்து பார்த்தாரோ, அந்த மழை. நாளைக்கு விடும், நாளைக்கு விடும் என்று பார்த்தோம். விடவில்லை. "கண்மாய் நெறஞ்சிருச்சா?" என்று கேட்டார். "நெறஞ்சு கலுங்குல தண்ணி போகுதுங்கய்யா" என்று தம்பி சொன்னான். அய்யா கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். "இப்ப வந்து என்ன செய்ய" என்றார். அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான். மறுநாள் காலையில் பால் ஊற்றினேன், உள்ளே இறங்கவில்லை.

அழுது முடிக்கும் முன்னே எனக்கு மாட்டுக்கொட்டத்தின் நினைப்பு வந்தது. ஓடினேன். காற்றில் ஒரு தகரம் பெயர்ந்து கிடந்தது. எப்போது பெயர்ந்ததோ, படுத்த மனுசனைப் பார்ப்பதில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வறட்டி மறுபடியும் சாணியாகியிருந்தது. வைக்கோல் கறுத்து, கையை வைத்தால் கூழ் மாதிரி வந்தது. அந்தச் சாணிக்கு நடுவில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டேன். அய்யாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து என்னைத் தூக்கி வந்தார்கள்.

பரமக்குடிக்குப் போன் போட்டு மாங்கட்டை கேட்டோம். தரைப்பாலம் மூழ்கிவிட்டது, லாரி வராது என்றார்கள். டவுனில் இருக்கிற கேஸ் சுடுகாட்டுக்கும் அதே பாலம்தான் வழி. கரண்ட் இல்லாததால் குளிர்பெட்டியும் கிடையாது. புதைக்கலாம் என்று ஒருத்தர் சொல்ல, நான்கு பேர் போய்க் குழி வெட்டிப் பார்த்தார்கள். முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் ஊறி நின்றது. கொல்லையில் நிற்கிற வேம்பை வெட்டுங்கள் என்று நான் கத்தினேன். அதற்கு மஞ்சள் துணி சுற்றி அம்மனாக வைத்திருக்கிறோம் என்று பெண்கள் பதறினார்கள். "அம்மன் வந்து என்கிட்ட கேக்கட்டும், நான் பேசிக்கிறேன்" என்றேன்.

ஊரில் கரி மூட்டம் போடுகிறவர், எனக்குக் கொழுந்தன் முறை. தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். பாவம், அவர் கெட்டவர் இல்லை. "மதினி, பச்சை வேம்பு இந்த மழையில பொகையும், எரியாது. பாதியில நின்னா நல்லாவா இருக்கும்? எங்கிட்ட கருவை கெடக்கு, டிராக்டர்ல ஏத்திட்டு வாரேன். மேல தகரத்தப் பிடிச்சுக்கிட்டா போதும்" என்றார். நான் கூடாது என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவர் இன்னும் பொறுமையாகச் சொன்னார். "அது பச்சையிலயும் எரியும் மதினி."

அது யார் சொன்ன சொல் என்று அவருக்குத் தெரியாது. அவர் பிறக்கும் முன்னே அது ஊர்ச்சொல் ஆகிவிட்டது. அந்தச் சொல்லைச் சொன்னவர் நடுவீட்டில் நெற்றியில் காசோடு படுத்திருந்தார். "அக்கா, செத்தவருக்கு என்னக்கா தெரியப்போகுது" என்று தம்பி என் கையைப் பிடித்தான். நான் அவன் கையை உதறினேன். ஆனால் வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. சொல்ல என்னிடம் வேறு வழி ஒன்றும் மிச்சம் இல்லை.

எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. டிராக்டர் விறகோடு எங்கள் வாசலில் வந்து திரும்பியபோது பார்த்தேன். இலைகூட உதிராத பச்சைக் கட்டைகள், முள்ளோடு. பின்னாலேயே அய்யாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குச் சங்குச் சத்தம் மழையில் ரொம்ப தூரம் கேட்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் தம்பி வந்தான். மொட்டையடித்த தலையில் தண்ணீர் வழிய, பல் கிட்டி நடுங்கினான். நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். "நல்லா எரிஞ்சுச்சுக்கா. மழையில நின்னுருமோன்னு பயந்தோம். நிக்கவே இல்ல." எனக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னான்.

அவனுக்கு வெந்நீர் வைக்க வேண்டும். கேஸ் முந்தாநாளே தீர்ந்திருந்தது, பாலம் மூழ்கியதில் வண்டி வரவில்லை. டிராக்டர் திரும்பும்போது உருண்ட கட்டைகள் சில வாசலோரம் சேற்றில் கிடந்தன. நான்தான் போய் எடுத்து வந்தேன். கொல்லையில் தாழ்வாரத்துக் கல் அடுப்பில் வைத்து, கொஞ்சம் காகிதத்தைக் கொளுத்திப் போட்டேன். எரியாமல் போகட்டும், எரியாமல் போகட்டும் என்று மனசுக்குள் கும்பிட்டேன். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இரண்டு தடவை சுருசுருவென்று சத்தம் போட்டுவிட்டுத் திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது.

அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அன்று முழுக்க நனைந்து விறைத்துப் போயிருந்த உடம்புக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. எழுந்து போக வேண்டும் என்று இருந்தது. எழுந்து போகாமல், கையை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நீட்டினேன்.